‘மாமா’ என்றால் யார்?

ஐந்து இடங்களில் ஐந்து குழந்தைகள் ஒரே நேரத்தில் ‘மாமா’ என்று குரல் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யார் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மதுரைக் குழந்தையின் குரலுக்கு அதன் தாயோடு பிறந்தவர் வருவார். பீஜிங் நகரத்துக் குழந்தைக்கு அதன் தாய் வருவாள். கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி மொழி பேசும் குழந்தைக்கும் தாயே வருவாள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் கெச்சுவா மொழி பேசும் குழந்தைக்கும் அப்படியே. ஆனால், காக்கசஸ் மலைப் பகுதியிலுள்ள ஜார்ஜியா நாட்டுக் குழந்தை ‘மாமா’ என்று கூப்பிட்டால் ஓடி வருபவர் அதன் தந்தை! அந்த மொழியில் தாய்க்குப் பெயர் ‘தெதா’. ‘பாப்பா’ என்றால் அங்கே தாத்தா.

இது ஜார்ஜிய மொழிக்கு மட்டும் உரிய விந்தை அன்று. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் வாழும் பழங்குடி மக்களில் ஒரு பிரிவினர் பிட்ஜன்ஜாரா என்னும் மொழியைப் பேசுகின்றனர். அவர்கள் மொழியிலும் ‘மாமா’ என்பது தந்தையே. ஜார்ஜியருக்கும் இவர்களுக்கும் எக்காலத்திலும் கொள்வினை கொடுப்பினை இருந்ததில்லை.

சொல் ஒன்று, பொருள் மூன்று. இந்த ஒற்றுமை எப்படி வந்தது? வேற்றுமைதான் எப்படி வந்தது? இரண்டு மொழிகளில் ஒரே மாதிரியான சொல் இருந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். இரு மொழிகளும் ஒரே தாய்மொழியிலிருந்து கிளைத்தவையாக இருக்கலாம். ஒரு மொழி மற்றொன்றிடம் அச்சொல்லைக் கடன் வாங்கியிருக்கலாம். அல்லது, இரண்டிலும் அது தனித்தனியே பிறந்து, தற்செயலாக ஒத்துப் போயிருக்கலாம். மொழியியல் என்னும் அறிவியலின் பெரும் பகுதி இந்த மூன்றையும் பிரித்தறியும் வேலைதான். அந்த வேலைக்கு ‘மாமா’வைப் போல் நல்ல பாடம் வேறில்லை, அது போல ஏமாற்றும் சொல்லும் வேறில்லை.

மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்

முதலில் ஒரு சிறு சோதனை. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கை நன்றாகப் பொத்திக்கொண்டு ‘மாமா’ என்று சொல்லிப் பாருங்கள். என்ன கேட்கிறது? ‘பாபா’ என்பதற்கு மிக நெருக்கமான ஓர் ஒலிதான் வரும். மூக்கு அடைத்துச் சளி பிடித்திருப்பவர் ‘அம்மா’ என்பதை ‘அப்பா’ போலச் சொல்வதும் இதனால்தான்.

‘ம’வையும் ‘ப’வையும் சொல்லும்போது உதடுகள் செய்வது ஒரே வேலை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி, பின் திறக்கின்றன. வேறுபாடு வாயின் உள்ளே இருக்கிறது. மேலண்ணத்தின் பின்பகுதி மென்மையான சதை. அது கதவு போல மேலும் கீழும் அசையும். அது மேலே தூக்கி மூக்குவழியை அடைத்தால் ‘ப’. கீழே தொங்கி மூக்கு வழியாகக் காற்றை விட்டால் ‘ம’. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இந்த இரண்டும் இதழ்கள் பொருந்துவதால் பிறப்பவை என்றும், மெல்லெழுத்துகளுக்கு மூக்கின் வழிக் காற்றும் உண்டு என்றும் சொல்கிறது. நம் இலக்கணத்தில் ப–ம, த–ந என்று வல்லினத்தையும் மெல்லினத்தையும் இன எழுத்துகளாக இணைத்திருப்பது வெறும் மனப்பாடத்துக்காக அன்று. உடற்கூறு பார்த்து வகுத்த வரிசை அது.

இப்போது ஆறு ஏழு மாதக் குழந்தை ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதற்கு நாக்கை மடித்து ‘ழ’ சொல்லத் தெரியாது. நுனிநாவை ஆட்டி ‘ற’ சொல்லவும் வராது. உதடுகளை மூடித் திறக்க மட்டும் நன்றாக வரும். பால் குடித்துப் பழகிய உதடுகள் அல்லவா? மூடிய வாயை நன்றாகத் திறந்தால் எளிதில் வரும் உயிரொலி ‘ஆ’. மூடித் திறப்பதையே திரும்பத் திரும்பச் செய்தால் மாமாமாமா, பாபாபாபா. நாக்கின் நுனி மேற்பல்லைத் தொட்டால் தாதாதாதா, நாநாநாநா. சீனக் குழந்தையும் செங்கல்பட்டுக் குழந்தையும் மழலையின் தொடக்கத்தில் சொல்வது ஏறக்குறைய இவ்வளவே.

குழந்தை இவற்றை யாரையும் நினைத்துச் சொல்வதில்லை. கையைக் காலை ஆட்டுவது போல வாயையும் ஆட்டிப் பார்க்கிறது. ஆனால், தொட்டிலைச் சுற்றி நிற்கும் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? “என்னைத்தான் கூப்பிடுகிறான்!” என்று ஒருவர் சொந்தம் கொண்டாடுகிறார். அவர் மகிழ்ந்து தூக்கியதும், அந்த ஒலிக்கு அவரே பொருள் என்று குழந்தையும் கற்றுக்கொள்கிறது. ஒலியைத் தருவது குழந்தை. பொருளைத் தருவது பெரியவர்கள். அந்தப் பொருள் ஊருக்கு ஊர் மாறியதில் வியப்பில்லை.

ஆயிரத்து எழுபத்திரண்டு சொற்கள்

இப்படி ஊகமாகச் சொல்வதோடு விஷயம் நின்றுவிடவில்லை. ஜார்ஜ் பீட்டர் மர்டாக் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் தாயையும் தந்தையையும் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டி, 1959இல் அந்த ஆய்வை வெளியிட்டார். அவற்றில் தாயைக் குறிப்பவை 531, தந்தையைக் குறிப்பவை 541. தாயைக் குறிக்கும் சொற்களில் நூற்றுக்கு 55இல் ம, ந, ங போன்ற மூக்கொலி இருந்தது. தந்தையைக் குறிக்கும் சொற்களிலோ நூற்றுக்கு 15இல்தான் இருந்தது. நம் ஜார்ஜிய ‘மாமா’ இந்தப் பதினைந்துக்குள் அடங்குபவர்.

பெரியவர்கள் விருப்பம் போலத்தான் பொருள் தருகிறார்கள் என்றால் இரண்டு எண்களும் ஏறக்குறைய சமமாக அல்லவா இருக்க வேண்டும்? மூக்கொலி தாயின் பக்கம் ஏன் இவ்வளவு சாய்கிறது?

இதற்கு விடை தேடியவர் ரோமன் யாக்கப்சன். 1896இல் மாஸ்கோவில் பிறந்து, பிராகு நகரில் பணியாற்றி, இரண்டாம் உலகப்போரின்போது நாடு நாடாக ஓடி, 1941இல் அமெரிக்கா சேர்ந்த மொழியியல் மேதை அவர். அவர் கூறிய விளக்கம் இது. பால் குடிக்கும் குழந்தையின் உதடுகள் மூடியிருக்கின்றன, வாய் நிறைந்திருக்கிறது. அந்த நிலையில் அது ஒலி எழுப்ப வேண்டுமானால் காற்று வெளியேற ஒரே வழிதான் உண்டு: மூக்கு. ஆகவே ‘ம்ம்ம்’ என்ற முனகல் பால் குடிப்பதோடு சேர்ந்துவிடுகிறது. பிறகு பாலைக் கண்டாலே, பால் வேண்டும் என்றாலே, அந்த முனகல் வருகிறது. வாயைத் திறந்ததும் அது ‘மா’ ஆகிறது. பால் தருபவளே தாய் ஆகையால் ஒலி அவளிடம் போய்ச் சேர்ந்தது.

இந்த விளக்கத்துக்கு நம் வீட்டுச் சமையலறையிலேயே சாட்சி இருக்கிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நாம் என்ன சொல்கிறோம்? “மம்மு சாப்பிடு”, “மம்மம் வேணுமா?” ஜப்பானியத் தாய்மாரும் தங்கள் குழந்தைகளிடம் சோற்றை ‘மம்மா’ என்றுதான் சொல்கிறார்கள். பெரியாழ்வார் பாசுரங்களில் கண்ணனுக்கு ஊட்டும் தாய்ப்பாலுக்கு ‘அம்மம்’ என்ற பெயர் வருகிறது. இலத்தீன் மொழியில் ‘மம்மா’ என்பதற்குத் தாய், முலை என்ற இரு பொருளும் உண்டு. 1758இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் விலங்குகளை வகைப்படுத்தியபோது பாலூட்டிகளுக்கு ‘மம்மாலியா’ என்று பெயரிட்டார். உங்கள் விலங்கியல் பாடத்தில் வரும் அந்தப் பெரிய பெயருக்குள் ஒரு கைக்குழந்தையின் பசிக்குரல் ஒளிந்திருக்கிறது.

நம் மாமா தாயாகாமல் மாமாவானது

தமிழில் தாய்க்கு ‘அம்மா’வும் தந்தைக்கு ‘அப்பா’வும் போய்விட்டன. மீதியிருந்த ‘மாமா’ தாயின் உடன்பிறந்தவருக்கு வாய்த்தது. இந்தியிலும் சிங்களத்திலும்கூட ‘மாமா’ தாய்மாமன்தான். நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்த மொழிகள் இவை. ஒன்றிடம் ஒன்று பழகியவை.

ஆனால், இந்தி மாமாவும் தமிழ் மாமாவும் முழுதும் ஒருவர் அல்லர். இந்தியில் தாயின் சகோதரன் ‘மாமா’. தந்தையின் சகோதரியை மணந்தவர் ‘பூஃபா’. மனைவியின் தந்தை ‘ஸஸுர்’. மூவருக்கும் மூன்று சொற்கள். தமிழிலோ தாயின் உடன்பிறந்தவரும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, பெண் கொடுத்தவரும் மாமா. ஏன்? மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்துகொள்ளும் வழக்கம் உள்ள சமுதாயத்தில் இந்த மூவரும் பல குடும்பங்களில் ஒரே ஆளாக இருந்துவிடலாம்! தந்தையின் சகோதரி தாயின் சகோதரனை மணந்திருந்தால் அத்தையின் கணவரும் தாய்மாமனும் ஒருவரே. அவர் மகளை நீங்கள் மணந்தால் அவரே மாமனார். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் எதற்கு? யாழ்ப்பாணத்தில் இந்தத் தர்க்கம் பெண்கள் பக்கமும் போயிருக்கிறது. அங்கே தந்தையின் சகோதரி அத்தை அல்லள், ‘மாமி’. தொட்டிலில் பிறந்த ஒலி எப்படி ஒரு சமுதாயத்தின் திருமண முறைக்கே அடையாள அட்டை ஆகிவிட்டது, பார்த்தீர்களா?

கன்னடத்தில் இதே உறவு ‘மாவ’. மலையாளத்தில் ‘அம்மாவன்’. குழந்தைச் சொல்லாகத் தொடங்கினாலும், வளர்ந்து பெரியவர்கள் வாயில் புழங்கும்போது மற்றச் சொற்களைப் போல அதுவும் தேய்ந்து மாறுகிறது என்பதற்கு இவை அடையாளம்.

மலேசியா சென்றவர்கள் அங்குள்ள ‘மாமாக்’ கடைகளைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக் கடைகளுக்கு அப்பெயர். தமிழ் ‘மாமா’வே இப்படி ஆயிற்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது கடன். ஆனால், அருகிலுள்ள சுமத்ரா தீவில் மினாங்கபாவ் என்ற மக்கள் உண்டு. தாய்வழிச் சொத்துரிமை உடையவர்கள். அவர்கள் மொழியிலும் தாய்மாமனுக்கு ‘மாமாக்’ என்றே பெயர். குடும்பச் சொத்தைக் காப்பவரும் அவரே. ஒலியும் ஒன்று, உறவும் ஒன்று என்பதற்காக அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நாலு சொல், ஆறு உறவு

ஒரு சிறு கணக்குப் போடுவோம். குழந்தையின் வாயில் முதலில் வரும் வடிவங்கள் மாமா, பாபா, தாதா, நாநா என்னும் நான்கும், அவற்றின் சிறு திரிபுகளும்தான். வீட்டில் அதைக் கொஞ்ச வருபவர்களோ தாய், தந்தை, பாட்டி, தாத்தா, மாமன், அத்தை என்று ஆறு பேர். நான்கு சொற்களை ஆறு உறவுகளுக்குப் பங்கிட வேண்டும். இந்தப் பங்கீடு உலகின் சுமார் 7,000 மொழிகளிலும் நடந்திருக்கிறது. இரண்டு மொழிகளின் பங்கீடு ஒத்துப்போவது வியப்பா, ஒத்துப்போகாமலே இருப்பது வியப்பா? நீங்களே சொல்லுங்கள்.

இதனால்தான், நம் ‘தாத்தா’ பாக் நீரிணையைக் கடந்து சிங்களத்துக்குப் போனால் அப்பா ஆகிவிடுகிறார். போலந்திலும் ருமேனியாவிலும்கூட ‘தாத்தா’ போன்ற சொல்லே தந்தையைக் குறிக்கும். தெலுங்கில் ‘நான்ன’ தந்தை. இந்தியில் ‘நானா’ தாயைப் பெற்ற தாத்தா. ஆங்கிலேயர் சிலர் வீட்டில் ‘நானா’ பாட்டி. ‘பாபா’ துருக்கியில் தந்தை. ருஷ்ய மொழியில் கிழவி. நம் ‘அம்மா’ ஐஸ்லாந்துத் தீவுக்குப் போனால் பாட்டி!

ஸ்பானிய மொழியில் ‘பாப்பா’ படும் பாடு தனிக்கதை. கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னால் அது தந்தை. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். அழுத்தத்தை முன்னால் வைத்தால் கத்தோலிக்கரின் தலைவரான போப்பாண்டவர். தந்தையைக் குறிக்கும் கிரேக்கக் குழந்தைச் சொல் ஒன்று இலத்தீன் வழியாக வந்து அப்படி ஆயிற்று. தமிழில் ‘பாப்பரசர்’ என்று நாம் சொல்வதும் இதே ‘பாப்பா’தான். அதே அழுத்தத்தோடு மூன்றாவது ஒரு ‘பாப்பா’வும் உண்டு: உருளைக்கிழங்கு! தென் அமெரிக்காவை வென்ற ஸ்பானியர் கிழங்கோடு அதன் கெச்சுவாப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே மொழிக்குள் ஒரே ஒலி; ஆனால், மூன்று வழிகளில் வந்தவை. தொட்டிலில் கிடக்கும் நம் தமிழ்ப் ‘பாப்பா’வுக்கும் உருளைக்கிழங்குக்கும் உறவு கற்பிக்க யாரும் துணிய மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆனால், வேறு உறவுகளைக் கற்பிக்கத் துணிபவர்கள் இருக்கிறார்கள். கொரிய மொழியில் தந்தை ‘அப்பா’, தாய் ‘ஒம்மா’. இதைக் கேட்டதும் நம்மில் பலருக்கு உடல் சிலிர்க்கிறது. கொரியாவுக்கும் தமிழுக்கும் தொப்புள்கொடி உறவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது புதிய எண்ணமும் அன்று. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். அவர் இலக்கண அமைப்புகளையும் ஒப்பிட்டார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த உறவை மொழியியலார் ஏற்கவில்லை. ‘அப்பா’வையும் ‘அம்மா’வையும் சான்றாகக் காட்டினால், பாஸ்க் மொழியின் ‘அமா’வும், எபிரேயத்தின் ‘இம்மா’வும், அரமேயத்தின் ‘அப்பா’வும் வரிசையில் நிற்கும். எல்லாருக்கும் உறவு சொல்லும் சாட்சி எவருக்கும் உறவு சொல்லாது.

ஒலி ஒற்றுமை போலவே உறவுமுறை ஒற்றுமையும் ஏமாற்றக்கூடும். லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் தம் நாட்டு இரக்வாய் செவ்விந்தியரின் உறவுமுறையை ஆராய்ந்தார். அவர்கள் தந்தையின் சகோதரனையும் தந்தை என்றே கருதினர். தாயின் சகோதரனைத் தனியே வைத்தனர். நாமும் சித்தப்பா, பெரியப்பா என்று ‘அப்பா’ சேர்த்துச் சொல்லி, மாமாவைத் தனியே வைக்கிறோம் அல்லவா? தமிழரின் உறவுமுறை விவரங்கள் கிடைத்தபோது மார்கன் வியந்து போனார். அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று 1871இல் வெளிவந்த தம் பெருநூலில் வாதிட்டார். அம்மக்களின் முன்னோர் ஆசியாவிலிருந்து சென்றது உண்மைதான். ஆனால், அந்தப் பயணம் நடந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அதை மெய்ப்பித்தவை வேறு சான்றுகள். குடும்பம் நடத்தும் வழிகள் உலகில் எண்ணற்றவை அல்ல. ஆகவே தொலைவிலுள்ள இருவர் ஒரே வழியைத் தனித்தனியே கண்டுகொள்ளலாம்.

ஒத்திருக்காத சொற்களே சான்று

அப்படியானால் மொழி உறவை எதைக்கொண்டு நிறுவுவது? இங்கேதான் வியப்பான விஷயம் இருக்கிறது. அச்சு அசலாக ஒத்திருக்கும் சொற்களைவிட, ஒழுங்காக வேறுபடும் சொற்களே வலுவான சான்று.

தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல் – ஹல்லு. பத்து – ஹத்து. புலி – ஹுலி. பூ – ஹூ. பன்றி – ஹந்தி. பாம்பு – ஹாவு. தமிழ்ச் சொல்லின் முதலில் ‘ப’ வரும் இடத்தில் கன்னடத்தில் வரிசையாக ‘ஹ’ வருகிறது. ஒரு சொல்லில் இருந்தால் தற்செயல் எனலாம். இத்தனை சொற்களில், அதுவும் பாலும் பல்லும் பத்தும் போன்ற அன்றாடச் சொற்களில் ஒரே மாற்றம் வந்தால் அது தற்செயல் ஆகாது. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் இவை ‘ப’வோடுதான் இருந்தன, இடைக்காலத்தில் ‘ஹ’ ஆயின. ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தவை பிரிந்ததற்கான தழும்பு அந்த ‘ஹ’.

இப்போது கன்னட வீட்டுத் தொட்டிலை எட்டிப் பாருங்கள். அதில் கிடப்பது ‘பாப்பு’. ஹாப்பு அன்று! பால் ஹாலு ஆனபோது பாப்பு ஏன் மாறவில்லை? ஒவ்வொரு தலைமுறைக் குழந்தையும் ‘பா பா’ என்பதைப் புதிதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தேய்ந்த காசுகளுக்கு நடுவே இது அன்றாடம் புதிதாக அச்சாகும் காசு. வயது தெரியாத காசைக் கொண்டு வரலாறு எழுத முடியாது.

மாற்றம் எல்லா வீட்டிலும் தொட்டிலை விட்டுவைத்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஜப்பானிய மொழியில் தாய்க்குப் பெயர் ‘ஹாஹா’. நமக்குச் சிரிப்பது போலக் கேட்கும். ஆனால், கன்னடத்தைப் போலவே அங்கும் பழைய ‘ப’ மெல்ல மெல்ல ‘ஹ’ ஆயிற்று; நடுவில், உதடுகளைக் குவித்து ஊதும் ‘ஃப’ ஆக இருந்தது. அதாவது இந்த ஹாஹா ஒருகாலத்துப் பாபா! இதற்கு ஓர் அழகான சாட்சி, 1516இல் தொகுக்கப்பட்ட ஜப்பானிய விடுகதை ஒன்று. தாய்க்கு இரண்டு முறை சந்திப்பது, தந்தைக்கு ஒரு முறைகூடச் சந்திக்காதது எது என்று அது கேட்கிறது. விடை: உதடுகள். தந்தைக்கு அவர்கள் சொல் ‘சிச்சி’. அதில் உதடுகள் சேர்வதில்லை, சரி. ‘ஹாஹா’ என்னும்போதும் சேர்வதில்லையே! அப்படியானால் 1516இல் தாயை அழைத்தபோது உதடுகள் சேர்ந்திருக்க வேண்டும். 1603இல் நாகசாகியில் போர்ச்சுகீசியப் பாதிரிமார் அச்சிட்ட அகராதியிலும் இன்றைய ஹகரச் சொற்கள் ஃபகரத்தோடு காணப்படுகின்றன. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்து ஒலியை ஒரு விடுகதை பதிவு செய்து வைத்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் ம்பபரம் என்ற மொழி இருந்தது. இன்று அதைப் பேசுவோர் இல்லை. ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலார் 1960களில், அம்மொழி தெரிந்த முதியவர் ஒருவரிடம் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நாய்க்கு என்ன சொல் என்று கேட்டபோது வந்த பதில்: ‘டாக்’. ஆங்கிலச் சொல்லேதான்! ஆங்கிலேயரிடம் வாங்கிய கடன் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால், அண்டை மொழியான யிடின் மொழியில் நாய் ‘குடகா’. ம்பபரம் மொழியில் சொற்களின் முதல் அசை உதிர்வதும், கடைசி உயிர் உதிர்வதும், சில இடங்களில் அகரம் ஒகரமாவதும் வழக்கம். குடகா என்பதை இந்த மூன்று படிகளிலும் இறக்கிப் பாருங்கள், கிடைப்பது ‘டாக்’. ஆங்கில நாய்க்கும் அந்த நாய்க்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கு நேர்மாறான காட்சியைப் பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் காணலாம். தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், பாலைவன மலைகளில் ஆடு மேய்க்கும் பிராகூயி மக்களின் மொழியில் கண்ணுக்கு ‘ஃகன்’, கல்லுக்கு ‘ஃகல்’. தமிழின் ‘க’ அங்கே தொண்டையில் உரசி ஒலிக்கிறது. வாய் ‘பா’ ஆகிறது, ‘வரு’ என்பது ‘பர்’ ஆகிறது, வகரம் பகரமாகிறது. இரண்டு, மூன்று என்பவை ‘இரட்’, ‘முசிட்’. இவை எவையும் ‘அப்பா – அப்பா’ என்பது போல அப்படியே ஒத்திருக்கவில்லை. ஆயினும் பிராகூயி திராவிட மொழி என்று உலகம் ஒப்புக்கொள்கிறது. 1816இல் சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லிஸ் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை ஒரு குடும்பம் என்று காட்டியதும், 1856இல் கால்டுவெல் அதை விரித்து எழுதியதும் இத்தகைய அடிப்படைச் சொற்களையும் இலக்கண அமைப்பையும் கொண்டுதான். தொட்டில் சொற்களைக் கொண்டன்று.

நீங்களும் செய்து பார்க்கலாம்

உங்கள் வகுப்பிலோ தெருவிலோ தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது, சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் இருக்கும். ஒரு குறிப்பேட்டில் நெடுவரிசைகள் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் அம்மா, அப்பா, மாமா, தாத்தா ஆகியவற்றைக் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். குழந்தைக்குச் சோறூட்டும்போது என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பாட்டிமார் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, வேறு பக்கத்தில் ஒன்று முதல் பத்து வரை, கண், காது, பல், கை, நீர், தீ, கல், பாம்பு, வா, போ என்று எழுதிக் கேட்டு நிரப்புங்கள். வீட்டில் உண்மையில் பேசும் சொல்லையே கேளுங்கள், புத்தகச் சொல்லை அன்று.

பிறகு ஒலிகளை வரிசையாக ஒப்பிடுங்கள். தமிழின் ஓர் எழுத்துக்கு எதிரே வேறோர் எழுத்து ஒரு சொல்லில் வந்தால் பென்சிலால் குறியுங்கள். இரண்டாவது சொல்லிலும் வந்தால் பேனாவால் எழுதலாம் என்று தோன்றும், பொறுத்திருங்கள். ஐந்தாவது, ஆறாவது சொல்லிலும் அதே மாற்றம் அதே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். வராத சொற்களையும் விடாமல் தனியே எழுதி வையுங்கள். அவை கடன் வாங்கியவையா என்று அடுத்துத் தேட வேண்டியிருக்கும்.